வேண்டுதல் இல்லாத பயணம்

நட்புக்குச் சான்று கேட்டால் தமிழில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் உறையூர். அங்கிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நண்பர்கள் ஆனார்கள். பெற்ற மக்களோடு பகை மூண்டு சோழன் வடக்கிருந்தபோது, நண்பன் வருவான், அவனுக்கும் இடம் விட்டு வையுங்கள் என்றான். சொன்னபடியே பிசிராந்தையார் வந்தார், அவனோடு உயிரையும் விட்டார். புறநானூறு காக்கும் இந்த வரலாற்றை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் அடுக்கிய காரணங்களில் முதல் இடம் மனைவிக்கு. அவள் குணம் நிறைந்தவள். மக்கள் அறிவு நிறைந்தவர்கள். ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர்கள். அரசன் தவறு செய்யாதவன். ஊரில் சான்றோர் பலர். ஆகவே கவலையில்லை, நரையும் இல்லை. அதே சோழனோடு உயிர்விட வந்த இன்னொரு நண்பரான பொத்தியாரை, மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பின் வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். ஆக, தமிழரின் தலைசிறந்த நட்புக் கதையில் இரண்டு மனைவியர் இருக்கிறார்கள். இருவரும் வீட்டில் இருக்கிறார்கள். பிசிராந்தையாரின் மனைவிக்குத் தோழி இருந்தாளா, அவளைப் பார்க்க இவள் என்றாவது கிளம்பினாளா என்று எந்தப் பாட்டும் கேட்கவில்லை. மூத்த பெண் ஒருத்தி, வேறு காரணம் எதுவும் இல்லாமல், தோழிக்காக மட்டுமே வீட்டை விட்டுக் கிளம்பலாமா? நம் கதைகள் இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தமிழ் சினிமா நேராக எடுத்துக்கொண்ட படம் 2017 செப்டம்பரில் வந்த ‘மகளிர் மட்டும்’. ‘குற்றம் கடிதல்’ மூலம் தேசிய விருது பெற்ற பிரம்மாவின் இரண்டாவது படம். சூர்யாவின் 2டி நிறுவனத் தயாரிப்பு. பள்ளித் தோழிகளாக இருந்து பிரிந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்காத மூன்று பெண்கள்: கோமாதாவாக ஊர்வசி, ராணியாக பானுப்ரியா, சுப்புலட்சுமியாக சரண்யா பொன்வண்ணன். கோமாதாவின் வருங்கால மருமகள் பிரபாவாக ஜோதிகா. ஆவணப்படம் எடுப்பவள், புல்லட் ஓட்டுபவள். மாமியாரின் தோழிகளைத் தேடிப் பிடித்து, மூவரையும் அவரவர் வீட்டிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு பயணம் போகிறாள். கதை இவ்வளவுதான். கொலை கிடையாது, புதையல் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய மூன்று பெண்கள் ஒன்றாகச் சில நாள் இருப்பதற்காக ஒரு முழுநீளப் படம் எடுக்கப்பட்டது என்பதே தமிழில் புதுமை. அதன் குறைகளைப் பிறகு பேசலாம்; அது எதைப் பிடித்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

பெண்களின் நட்பு மனக்கசப்பால் முறிவதைவிட முகவரி மாறுவதால் முறிவதே அதிகம் என்பதை அந்தப் படம் பிடித்திருக்கிறது. இந்தியாவில் பெண்கள் இடம்பெயரக் காரணங்களில் முதலிடம் திருமணத்துக்கு என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது; வேலையோ படிப்போ அதன் அருகில்கூட வருவதில்லை. இன்று உறையூரைத் தன்னுள் கொண்ட திருச்சியில் 1923-இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியும் 1951-இல் தொடங்கிய சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் எத்தனையோ தலைமுறைப் பெண்களைத் தோழிகளாக்கி வெளியே அனுப்பியிருக்கின்றன. அவர்களில் ஒருத்தி ஈரோட்டுக்குப் போனாள், ஒருத்தி பம்பாய்க்கு, ஒருத்தி கணவனின் வங்கி வேலையோடு மூன்று ஆண்டுக்கு ஓர் ஊர். தகப்பன் பெயரின் முதலெழுத்து கணவன் பெயரின் முதலெழுத்தாக மாறியது. ஒருத்தியின் அப்பா வீட்டை விற்றதும் தெரிந்திருந்த ஒரே விலாசமும் போயிற்று. கைபேசிக்கு முந்தைய காலத்தில் தோழியைத் தொலைக்க இவ்வளவு போதும். அதே வயது ஆணுக்கோ பெரும்பாலும் பிறந்த தெருவே கடைசிவரை தெரு. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவன் நான்காம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவனாகவே இருக்கலாம். அவன் நண்பனைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டால் போதும், அவளுக்குப் பயணம் வேண்டும். மூத்த பெண்களின் நட்பைச் சொல்லும் கதை பயணக் கதையாக வடிவெடுப்பது இதனால்தான். இது வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வந்த மோகம் என்று சொல்வது சரியில்லை; கதையின் தேவையே வழியைக் கேட்கிறது.

திருச்சியைச் சுற்றியுள்ள தெய்வங்களின் நடமாட்டத்தைக் கவனித்தால், எந்தக் காரணத்துக்காகப் பெண் வெளியே வரலாம் என்று நம் சமூகம் வகுத்து வைத்திருப்பது இன்னும் தெளிவாகும். திருவரங்கத்து நம்பெருமாள் பங்குனியில் ஜீயபுரத்துக்கும் போகிறார், உறையூருக்கும் வருகிறார். உறையூரில் சோழன் மகளாகப் பிறந்து அவரை மணந்த கமலவல்லி நாச்சியாரோடு ஒரு நாள் சேர்த்தி. அவர் திரும்பிப் போனபின் திருவரங்கத்தில் ரங்கநாயகித் தாயாரோடு ஊடலும் மட்டையடியும் நடக்கின்றன. ஆனால் தாயார் படிதாண்டாப் பத்தினி, தன் சந்நிதி எல்லையைக் கடந்து வீதிக்கு வருவதில்லை. கமலவல்லியும் பிறந்த ஊரிலேயே காத்திருப்பவள். சமயபுரம் மாரியம்மன் தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு வருகிறாள், எதற்கு? அண்ணன் அரங்கன் அனுப்பும் சீரை வாங்கிக்கொள்ள. மணமான பெண் பிறந்த வீட்டுச் சீருக்கு வருவதுபோல. பக்தியோடு கொண்டாடப்படும் இந்த விழாக்களில் குறை காண்பது என் நோக்கமில்லை. அவற்றின் அழகு எனக்கு நன்றாகவே தெரியும். மக்கள் தங்கள் வீட்டு ஒழுங்கை இங்கே தெய்வங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதே நான் கவனிப்பது. கணவன் வரும்போது சந்திக்கலாம், அண்ணன் சீர் தரும்போது போய் வாங்கலாம். தாயாரைப் பார்க்க நாச்சியாரோ, நாச்சியாரைப் பார்க்க மாரியம்மனோ கிளம்பும் விழா ஒன்று இந்த மூன்று ஊர்களுக்கு நடுவில் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பெண்கள் காலங்காலமாகக் கூட்டமாகப் பயணம் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள், இதில் சினிமா வந்து சொல்லித்தர என்ன இருக்கிறது? மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் சமயபுரம் பூச்சொரிதலைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை நியாயம் என்பார்கள். மஞ்சள் சேலையும் தலையில் பூத்தட்டுமாக உறையூரிலிருந்து கிளம்பும் பெண்கள் காவிரிப் பாலம் ஏறி, திருவரங்கம் கடந்து, கொள்ளிடம் தாண்டி நடக்கிறார்கள். அறுபது வயதுக்காரிகள் முழங்கால் வலியோடு நடக்கிறார்கள். தார் ரோட்டின் சூட்டில் நின்று நீர்மோர் வாங்கும்போது ஒருத்தி இன்னொருத்தியின் முந்தானையால் முகம் துடைத்துக்கொள்வாள். வழியெல்லாம் பேச்சு: மருமகள், மூட்டுத் தைலம், சீட்டுப் பணம், செத்துப்போனவர்கள். மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலையில் போகும் வேன்களிலும் இதே பேச்சுதான். ஆம், அங்கே நட்பு இருக்கிறது. எந்தத் திரைப்படத்தில் உள்ளதைவிடவும் உண்மையாக இருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லிவிட்டு வந்த காரணம் நட்பு அல்ல. மகனுக்கு வேலை, மகளுக்குக் குழந்தை, கணவனின் சர்க்கரைப் புண். வேண்டுதல் குடும்பத்துக்காக என்பதால்தான் வீடு அவளை விடுகிறது. ‘சிநேகிதியோடு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன், சோறு நீங்களே வடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல இன்னும் எத்தனை வீட்டில் முடியும்? வேண்டுதல் பயணத்தைக் குறைத்துச் சொல்ல இந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை. அந்தப் பயணத்துக்குள் நட்பு மறைவாக வந்து போகிறது. ‘மகளிர் மட்டும்’ அதை மறைவிலிருந்து வெளியே எடுத்து, காரணமாகவே சொன்னது.

இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் உறையூர் வழியாகத்தான் போகிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனோடும் கண்ணகியோடும் புகாரிலிருந்து நடந்து வருபவர் கவுந்தியடிகள் என்ற சமணத் தவமூதாட்டி. மதுரைக்குப் போய் அறம் கேட்க வேண்டும் என்பது அவருடைய சொந்த விருப்பம். கூட வருவது கண்ணகியின் மேல் வைத்த பரிவு. அரங்கத்தைக் கண்டு, ஓடத்தில் காவிரியைக் கடந்து தென்கரை வந்ததும், இளம் தம்பதியை இழிவாகப் பேசிய இருவரை நரியாகப் போகச் சபிக்கிறார் அவர். உறையூர் மதிலுக்கு வெளியே உள்ள காட்டில்தான் அவர்கள் பன்னிரண்டு மாதம் திரிய வேண்டும். மதுரையில் கண்ணகியை அவர் ஒப்படைப்பது மாதரி என்ற இடையர் குல மூதாட்டியிடம். கோவலன் கொலையுண்ட செய்தி தெரிந்ததும் மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தி உண்ணா நோன்பில் உயிர்விட்டார். பிசிராந்தையாரின் சாவுக்கு ஒரு குறையும் இல்லாத சாவுகள் இவை. ஆயினும் நட்புக்கு உதாரணம் சொல்லும் மேடையில் கவுந்தி பெயரையோ மாதரி பெயரையோ யாரும் எடுப்பதில்லை. அதைவிட வியப்பு வாழ்த்துக் காதையில் இருக்கிறது. கண்ணகியின் தோழி தேவந்தி, அவளை வளர்த்த காவற்பெண்டு, அடித்தோழி மூவரும் புகாரிலிருந்து கிளம்பி மதுரை வந்து, மாதரியின் மகள் ஐயையையும் கூட்டிக்கொண்டு, வையைக் கரையோடு நடந்து மலை ஏறிச் சேர நாடு போய்ச் சேர்கிறார்கள். தோழிக்காக, வளர்த்த பெண்ணுக்காக, பெண்கள் மட்டும் எடுத்துக்கொண்ட நெடும்பயணம். இளங்கோ அந்த வழியை உரைப்பாட்டு மடையில் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். கோவலன் நடந்த வழிக்குக் காதைகள் கிடைத்தன. இவர்கள் நடந்த வழிக்குச் சில வரிகள். வழியில் எங்கே தங்கினார்கள், யார் முதலில் அழுதாள், காவற்பெண்டின் கால் எப்படித் தாங்கியது என்று எழுதப்படாத அந்தப் பகுதியே தமிழின் முதல் மகளிர் பயணக் கதையாக இருந்திருக்க வேண்டியது.

சினிமா இந்த மரபிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று பார்த்தால், தனியாக நடக்கும் துறவியை எடுத்துக்கொண்டது. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1973-இல் ஏ.பி. நாகராஜனின் ‘காரைக்கால் அம்மையார்’. இரண்டிலும் கோலூன்றியும் பாடியும் வழி நடந்தவர் கே.பி. சுந்தராம்பாள். மூத்த பெண்ணின் தனிப் பயணத்தைத் தமிழ் மக்கள் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார்கள். ஆனால் அந்த உரிமைக்கு விலை உண்டு. இளமையை இறைவனிடம் திருப்பிக் கொடுத்தவள்தான் ஔவை. உடலையே பேய் வடிவாக்கிக்கொண்டவள்தான் காரைக்கால் அம்மை. குடும்பப் பெண் அந்த வழியில் கால் வைக்க முடியாது. அதற்குப் பிந்தைய தமிழ் சினிமா அவளுக்குக் கொடுத்த இடம் அம்மா. ‘முந்தானை முடிச்சு’ ஊர்வசியும் ‘நாயகன்’ சரண்யாவும் ‘மெல்லப் பேசுங்கள்’ பானுப்ரியாவும் எண்பதுகளில் கதாநாயகிகளாக வந்தவர்கள். அவர்களோடு அல்லது அவர்களுக்கு முன்னால் நடிக்கத் தொடங்கிய ஆண்கள் இன்றும் கதாநாயகர்களாக நீடிக்க, இவர்கள் அந்த நாயகர்களின் அடுத்த தலைமுறைக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். சரண்யா ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் அம்மாவாக நடித்துத் தேசிய விருதே பெற்றார். அந்த நடிப்பின் பெருமை குறையாது, ஆனால் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது என்பதும் மறையாது. ‘மகளிர் மட்டும்’ படத்தில் மூவரும் ஒரே சட்டகத்துக்குள் வந்து ஒருவரையொருவர் ‘டி’ போட்டுக் கூப்பிடும்போது, பாத்திரங்களின் கதையோடு அந்த நடிகைகளின் முப்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கையும் கூடவே பேசுகிறது. யாருக்கோ அம்மாவாக இல்லாமல் ஒருத்திக்கு இன்னொருத்தியாக மட்டும் இருக்கும் காட்சிகள் அவர்களுக்கு அரிதாகவே கிடைத்திருக்கின்றன.

வயதான பெண்களுக்கான படத்துக்குக் கூட்டம் வராது என்பது தயாரிப்பாளர் தரப்பின் நிரந்தர பதில். இதை அப்படியே ஏற்க முடியாது. டென்ட் கொட்டகைக் காலத்தில் பெண்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. மதிய வேலையை முடித்துவிட்டு நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து படம் பார்க்கப் போவது அன்றைய தெரு வழக்கம். வேண்டுதல் இல்லாமல் பெண்கள் கூடிப்போன ஒரே இடம் அதுவாக இருந்திருக்கலாம். தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சி வந்து, அதே பெண்களைத் தனித்தனி வீட்டில் தனித்தனிப் பெட்டிக்கு முன் உட்கார வைத்தது. பார்வையாளர் எங்கும் போகவில்லை. ‘சித்தி’ தொடங்கி இன்றுவரை மாலை நேரத்தைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் தொடர்கள் அவர்களுக்குக் கொடுத்தது என்ன? ஒரே கூடம், ஒரே மாடிப்படி, எதிரெதிரே நிற்கும் மாமியாரும் மருமகளும். பெண்ணுக்குப் பெண் எதிரி என்று நாள் தவறாமல் சொல்லும் கதைக்குப் பல லட்சம் பேர் இருக்கும்போது, பெண்ணுக்குப் பெண் துணை என்ற கதைக்கு ஆள் இருக்காது என்பது சோதித்துப் பார்க்காத முடிவு. மருமகளே மாமியாரின் தோழிகளைத் தேடிப் போகிறாள் என்று பிரம்மா கதை கட்டியது இந்த இடத்தில் கூர்மையானது. தொடர் வளர்த்த பகையின் வேரிலேயே அது கை வைக்கிறது.

ஆனாலும் அதே கட்டமைப்பில்தான் படத்தின் பலவீனமும் இருக்கிறது. மூன்று மூத்த பெண்களும் தாங்களாகக் கிளம்பவில்லை, கிளப்பப்படுகிறார்கள். தேடுவதும் ஏற்பாடு செய்வதும் இளையவள், நட்சத்திரமும் அவளே. ‘36 வயதினிலே’ வழியாகத் திரும்பி வந்திருந்த ஜோதிகா இல்லாமல் இந்தப் படத்துக்கு முதலீடே வந்திருக்காது என்று ஒருவர் வாதிடலாம். அது உண்மையாகவே இருக்கட்டும். வணிகத்துக்குத் தேவையான ஆள் கதைக்குள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது திரைக்கதையின் பொறுப்பு அல்லவா? பிரபாவின் வேகத்துக்கு முன்னால் கோமாதாவின் தயக்கம் விளையாட்டாகத் தோன்றிவிடுகிறது; அந்தத் தயக்கத்துக்குள் நாற்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, அதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை. இன்னொன்று, இளமைக் கால நினைவுக் காட்சிகள். தோழிகளின் நட்பு பள்ளிப் பருவத்திலேயே முழுமையடைந்துவிட்டது போலவும், இப்போது நடப்பது அதன் மீட்பு மட்டும் போலவும் அவை காட்டுகின்றன. கனடாவின் சிந்தியா ஸ்காட் 1990-இல் எடுத்த ‘தி கம்பெனி ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேருந்து பழுதாகி, ஆளில்லாத வீடு ஒன்றில் ஒதுங்கும் மூதாட்டிகள். பெரும்பாலும் நடிப்புத் தொழிலுக்குப் புதியவர்கள், தங்கள் வாழ்க்கையையே பேசுகிறார்கள். இளமையைக் காட்ட அவர்களுடைய பழைய புகைப்படங்கள் சில நொடி வந்து போகின்றன, அவ்வளவுதான். முன்பின் அறியாதவர்கள் எழுபது வயதில் புதிதாகத் தோழிகள் ஆக முடியும் என்பதை அந்தப் படம் எந்த ஆரவாரமும் இல்லாமல் காட்டிவிடுகிறது. பூச்சொரிதல் கூட்டத்தில் நடப்பதும் அதுதான். நம் படம் அந்தச் சாத்தியத்தைத் தொடவில்லை.

பணமும் ஓய்வும் உள்ள பெண்களுக்கான கற்பனை இது, உழைக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே என்ற மறுப்பு இன்னும் கடினமானது. உறையூரின் தறி வீடுகளில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றும் பெண்ணுக்குக் கூலி நின்றால் அடுப்பும் நிற்கும். சுருட்டுச் சுற்றியவர்களுக்கும் அதே நிலைதான் இருந்தது. இந்த மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். 1994-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய இதே தலைப்புப் படத்தில் தோழிகளில் ஒருத்தி துப்புரவுத் தொழிலாளி. ரோகிணி ஏற்ற அந்தப் பாத்திரம் அலுவலகத்தின் மற்ற இருவரோடு சமமாக நின்றது. ஊர்வசி அதிலும் இருந்தார். இருபத்து மூன்று ஆண்டு கழித்து வந்த படத்தில் மூவரும் ஒரே பள்ளி. வர்க்கம் கடந்த நட்பு காணாமல் போயிற்று. இது பின்னடைவுதான். மறுபாதியை மறுக்க வேண்டும். ஏழைப் பெண்ணுக்கு நட்புக்கான பயணம் ஆடம்பரம் என்று முடிவு கட்ட நாம் யார்? 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி மாம்பழச்சாலையில் இறங்கி, கல்யாணத்துக்குப் பின் பார்க்காத சிநேகிதியோடு அம்மா மண்டபப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர இன்று கைக்காசு வேண்டாம். நேரமும் ஒப்புதலும்தான் வேண்டும். இரண்டுமே வீட்டுக்குள் தீர்மானமாகின்றன; ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரே கைதான். படத்தில் ராணி வசதியான அரசியல் குடும்பத்தில் இருந்துகொண்டே அடுக்களையை விட்டு நகர முடியாதவளாக இருப்பது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

ஆண்களுக்கு இதே வகைக் கதை வரும்போது இப்படி ஒப்புதல் தேவைப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மதுமிதா இயக்கிய ‘கே.டி. என்கிற கருப்புதுரை’யில் (2019) கிழவர், முதியவர்களை எண்ணெய் முழுக்காட்டிச் சாகவைக்கும் தலைக்கூத்தலைத் தன் பிள்ளைகளே தனக்கு ஏற்பாடு செய்வதை அறிந்து வீட்டை விட்டு நடக்கிறார். சிறுவன் ஒருவன் நண்பனாகிறான். யாரும் அவர் திரும்பி வந்து சமைக்க வேண்டும் என்று காத்திருக்கவில்லை. இந்தியில் ‘ஊஞ்சாய்’ (2022) செத்த நண்பனுக்காக எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போகும் முதியவர்களின் கதை. மலை மட்டும்தான் அங்கே தடை. ‘மகளிர் மட்டும்’ படத்திலோ பயணம் முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. வீட்டு ஆண்கள் உணர வேண்டும், மாற வேண்டும், அப்போதுதான் பயணம் நியாயம் பெறும். ஆண்களின் மனமாற்றம் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அதைப் பயணத்தின் பலனாக வைக்கும்போது, குடும்பத்துக்கு நன்மை என்ற பழைய காரணம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. வேண்டுதல் மறுபடியும் தொடங்கிவிடுகிறது. இந்தியில் 2023-இல் வந்த ‘தக் தக்’ நான்கு பெண்களை லடாக்கின் கர்துங் லா கணவாய் வரை மோட்டார் சைக்கிளில் அனுப்பியது. அதில் மூத்தவளாக வரும் ரத்னா பாடக் ஷா பின்னால் உட்கார்ந்து வரவில்லை, வண்டியைத் தானே ஓட்டுகிறார். அந்தப் படத்தின் மற்றக் குறைகளுக்கு மேலாக இந்த ஒன்று நிற்கிறது. தமிழில் அடுத்து எடுக்கப்படும் படத்துக்கு லடாக்கும் தேவையில்லை, புல்லட்டும் தேவையில்லை. உறையூரில் கிளம்பி, மஞ்சள் சேலை கட்டாமல், யாருடைய வேலைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நேர்ந்துகொள்ளாமல், இரண்டு கிழவிகள் தாங்களாகவே டிக்கெட் எடுத்துப் போகட்டும். அவர்கள் இல்லாத நாலு நாளில் வீடு என்ன ஆயிற்று என்று கேமரா ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.